ட்யூப் வைக்காம முடியாதா டாக்டர்? தலையில் நீர் கோர்த்தவர்களுக்கு எண்டோஸ்கோப் அறுவை

ஸ்கேன் பார்த்து, தலையில் நீர் கோர்த்திருக்கிறது என்று சொன்ன மறுநிமிடம் வீட்டார் கேட்பது இதைத்தான். நியாயமான கேள்வி. ஷன்ட் என்கிற அந்தக் குழாய் மூளைக்குள் நீர் நிறைந்திருக்கும் அறை ஒன்றில் தொடங்கி, தோலுக்கடியில் கழுத்து, மார்பு வழியாக இறங்கி வயிற்றில் முடிகிறது. குழந்தைகளுக்கு வைக்கிற ஷன்ட்டுகளில் ஏறத்தாழப் பாதி இரண்டு வருடத்துக்குள் அடைத்துக்கொள்கிறது, விலகுகிறது, அல்லது கிருமி பிடிக்கிறது. எண்டோஸ்கோப்பை விட்டு மூளையின் மூன்றாம் அறைத் தரையில் ஒரு துளை போட்டு நீருக்கு மாற்றுவழி திறந்துவிட்டால் உடம்புக்குள் எந்தப் பொருளையும் விட்டுவைக்க வேண்டியதில்லை. இதைத்தான் இ.டி.வி. என்கிறோம்.

துளை போடுகிற வேலை கைதேர்ந்தவருக்கு அரைமணிக்குள் முடிந்துவிடும். அது யாருக்குப் பலிக்கும், யாருக்குப் பலிக்காது என்று முன்கூட்டியே கணிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இ.டி.வி. பலிக்கவில்லை என்று வருகிறவர்களில் பலருக்கு அறுவையில் குறை எதுவும் இருக்காது. ஆள் தேர்வில்தான் இருக்கும்.

வளர்ந்த ஒருவரின் மூளையில் ஒரு நாளைக்குச் சுமார் 500 மி.லி. மூளைநீர் சுரக்கிறது. எந்த நேரத்திலும் உள்ளே இருப்பது 150 மி.லி. அளவுதான். ஆகவே சுரக்கிற வேகத்துக்கு வடியவும் வேண்டும். பக்க அறைகள் இரண்டிலும் சுரக்கும் நீர் மன்றோ துளைகள் வழியாக மூன்றாம் அறைக்கும், அங்கிருந்து சில்வியஸ் கால்வாய் என்கிற மெல்லிய குழல் வழியாக நான்காம் அறைக்கும் போய், பிறகு மூளையைச் சுற்றியுள்ள இடைவெளியில் பரவி ரத்தத்தில் உறிஞ்சப்படுகிறது. அந்தக் கால்வாய் பிறவியிலேயே குறுகியிருந்தாலோ, பக்கத்தில் ஒரு கட்டி அமுக்கினாலோ நீர் மேலேயே தேங்கும். இந்தத் தேக்கத்துக்கு இ.டி.வி. அருமையான வழி. வழியெல்லாம் திறந்திருந்து, கடைசியில் உறிஞ்சுகிற இடமே கெட்டுப்போயிருந்தால் எத்தனை துளை போட்டும் பெரிய பயன் இருக்காது. மூளைக்காய்ச்சல் வந்துபோன குழந்தைக்கும், குறைமாதத்தில் பிறந்து மூளை அறைக்குள் ரத்தம் கசிந்த குழந்தைக்கும் பெரும்பாலும் இந்த இரண்டு கோளாறும் கலந்தே இருக்கும்.

கணிப்புக்கு 2009-இல் குல்கர்ணி குழுவினர் வெளியிட்ட மதிப்பெண் முறை ஒன்று உண்டு. பெற்றோரே போட்டுப் பார்க்கலாம், அவ்வளவு எளிது. வயது ஒரு மாதத்துக்குள் என்றால் 0, ஆறு மாதத்துக்குள் 10, ஒரு வயதுக்குள் 30, பத்து வயதுக்குள் 40, அதற்கு மேல் 50. காரணம் கிருமித்தொற்று என்றால் 0. முதுகுத்தண்டுப் பிளவு, அறைக்குள் ரத்தக்கசிவு, நடுமூளைக் கூரை தவிர்த்த இடங்களின் கட்டி என்றால் 20. கால்வாய்க் குறுக்கம், நடுமூளைக் கூரைக் கட்டி, மற்ற காரணங்கள் என்றால் 30. ஏற்கெனவே ஷன்ட் வைத்திருந்தால் 0, இல்லையென்றால் 10. மூன்றையும் கூட்டினால், ஆறு மாதம் கழித்தும் துளை வேலை செய்துகொண்டிருப்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ எத்தனை சதவீதம் என்று கிடைக்கும்.

கால்வாய்க் குறுக்கம் உள்ள எட்டு வயதுப் பிள்ளைக்கு 40, 30, 10 சேர்ந்து 80 வரும். தயங்காமல் இ.டி.வி. செய்யலாம். மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு நீர் கோர்த்த இரண்டு மாதக் குழந்தைக்கு வருவது 20. அங்கே "எண்டோஸ்கோப்தான் வேணும்" என்று பிடிவாதம் பிடிப்பது குழந்தைக்கு இரண்டு அறுவையைத் தேடித் தருகிற காரியம். 50-க்கும் 70-க்கும் நடுவில் வருகிறவர்களிடம்தான் நீண்ட பேச்சு தேவைப்படுகிறது: வீடு எவ்வளவு தூரம், அவசரத்துக்கு எந்த ஆஸ்பத்திரி, மாதாமாதம் வந்து காட்ட முடியுமா. மதிப்பெண்ணில் வராத இந்த விஷயங்கள் முடிவை மாற்றும். மாற்றவும் வேண்டும்.

கைக்குழந்தைகள் விஷயத்தில் பெரிய திருப்பம் உகாண்டாவில் நடந்தது. எம்பாலே நகரில் கியூர் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றிய பெஞ்சமின் வார்ஃப், துளை போடுவதோடு நிறுத்தாமல், நீரைச் சுரக்கிற கோராய்டு பின்னலையும் வளையும் எண்டோஸ்கோப்பால் இரண்டு பக்க அறைகளிலும் சுட்டுக் கருக்கினார். ஷன்ட் அடைத்தால் பல மணிநேரப் பயணம் செய்து திரும்பி வர முடியாத கிராமங்களுக்கு இது பெரிய விஷயம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளில், வெறும் துளையைவிட இப்படிச் சேர்த்துச் செய்வது கூடுதலாகப் பலித்தது என்று 2005-இல் அவர் எழுதினார். பிறகு அங்கேயே, தொற்றுக்குப் பின் நீர் கோர்த்த 100 கைக்குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஷன்ட்டோடு ஒப்பிட்ட ஆய்வு 2017-இல் வந்தது. ஒரு வருட முடிவில் அறிவு வளர்ச்சியில் இரண்டு தரப்புக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. சிகிச்சை தோற்றது எண்டோஸ்கோப் தரப்பில் 35 சதவீதம், ஷன்ட் தரப்பில் 24; புள்ளியியல்படி அதுவும் தீர்மானமான வேறுபாடு அல்ல. நாங்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்வது: ஷன்ட் வைப்பது தோல்வி அல்ல. அந்த மருத்துவமனையிலேயே உத்தரப் பிரதேசத்து ஷாஜகான்பூரில் தயாராகும் சாப்ரா ஷன்ட்டையும் பல மடங்கு விலையுள்ள வெளிநாட்டு ஷன்ட்டையும் வைத்துப் பார்த்ததில், ஒரு வருடத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் உழைத்தன. விலை கூடிய ஷன்ட்டுக்காக நகையை அடகு வைக்கும் முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

நம் ஊரில் இன்னொரு பெரிய காரணம் காசநோய் மூளைக்காய்ச்சல். இந்த நோயாளிகளின் நிலையை நான்கு படிகளாகப் பிரிக்கும் முறையே வேலூர் சி.எம்.சி.யிலிருந்து 1991-இல் வந்ததுதான். நினைவு தெளிவாக, கைகால் நன்றாக இருந்தால் முதல் படி. ஆழ்மயக்கம் நான்காம் படி. எந்தப் படியில் அறுவை நடந்தது என்பதே பெரும்பாலும் முடிவைச் சொல்லிவிடும். நோய் கொதித்துக்கொண்டிருக்கும் ஆரம்ப வாரங்களில் மூன்றாம் அறையின் தரை தடித்து, மங்கி, சீழ்ப்படலம் படிந்திருக்கும். கீழே ஓடும், மூளைத்தண்டுக்கு ரத்தம் கொண்டுபோகும் பேசிலார் தமனி கண்ணுக்கே தெரியாது. தெரியாத தமனிக்கு மேல் துளை போடுவது வீரமல்ல; அந்தக் கட்டத்தில் ஷன்ட்டோ, வெளியே வடிக்கும் தற்காலிகக் குழாயோ போட்டுவிட்டு வரலாம். மருந்து வேலை செய்து நோய் அடங்கிய பிறகு, கால்வாயில் அடைப்பு மிஞ்சியிருப்பவர்களுக்கு இ.டி.வி. நன்றாகவே பலிக்கிறது.

அறுவைக்கு முன் எம்.ஆர்.ஐ.யில் நடுக்கோட்டு நெடுக்குவெட்டுப் படம் கட்டாயம் வேண்டும். சி.டி. மட்டும் போதாது. அந்தப் படத்தில் நான்கு விஷயம் பார்க்க வேண்டும். கால்வாய் உண்மையிலேயே அடைத்திருக்கிறதா? மூன்றாம் அறையின் தரை கீழ்நோக்கித் தொங்குகிறதா? அப்படித் தொங்கினால் மேலே அழுத்தம் கூடியிருக்கிறது, துளை பயன்படும். தரைக்கும் பேசிலார் தமனிக்கும் நடுவே இடம் எவ்வளவு? மன்றோ துளை எண்டோஸ்கோப் நுழையும் அளவுக்கு விரிந்திருக்கிறதா? இதே படத்தில் துளை போடவேண்டிய இடத்திலிருந்து மன்றோ வழியாக மண்டையோடு வரை ஒரு கோடு இழுத்துப் பார்த்தால், எலும்பில் எங்கே துளைக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். வழக்கமான இடம் வலப்பக்கம், நடுக்கோட்டிலிருந்து 2.5 முதல் 3 செ.மீ. தள்ளி, முன் எலும்புத் தையலை ஒட்டி. கைக்குழந்தைக்கு உச்சிக்குழியின் ஓரத்திலேயே நுழையலாம்.

தியேட்டரில்

மல்லாக்கப் படுக்கவைத்து, எலும்புத் துளை வரப்போகும் இடமே தலையின் உச்சப்புள்ளியாக அமையும்படி தலையை முன்னோக்கி 30 டிகிரி அளவுக்கு மடக்க வேண்டும். தாழ்ந்திருந்தால் நீர் கொட்டிப்போய் காற்று உள்ளே ஏறும். பக்கவாட்டில் திருப்பவே கூடாது. திருப்பினால் நடுக்கோடு தவறும்.

கத்தி வைப்பதற்கு முன்பே காமிராவின் மேல்கீழ் சரியா, வெண்மைச் சமன் செய்தாயிற்றா, துளையை விரிக்கும் ஃபோகார்ட்டி பலூன் ஊதுகிறதா என்று பார்த்துவிட வேண்டும். 3 பிரெஞ்சு அளவுப் பலூனுக்கு 0.2 மி.லி. திரவம் போதும், காற்றை ஏற்றக்கூடாது. வெளியே வடிக்கும் குழாய் ஒன்று மேசையில் தயாராக இருக்க வேண்டும். ரத்தம் கசிந்து எல்லாம் சிவப்பாகும்போது ஸ்டோருக்கு ஆள் அனுப்புவது தாமதம். ஒளிக்கேபிளின் நுனி துணிமேல் கிடந்தால் பொசுக்கிவிடும். சின்ன விஷயம், அடிக்கடி மறக்கப்படுகிறது.

கழுவும் நீர் ரிங்கர் லாக்டேட். 37 டிகிரி சூட்டில் இருக்க வேண்டும். வெறும் உப்புநீரைப் பெருக்கினால் மூளைநீரின் அமிலச் சமநிலை கெட்டு, பிறகு காய்ச்சலும் தலைவலியும் வரும். குளிர்ந்த நீரோ குழந்தையின் உடல்சூட்டையே இறக்கிவிடும். துணி நனைந்து முதுகுக்கடியில் ஈரம் சேர்ந்தாலும் அதே கதை. தலைக்கருகே நீர் பிடிக்கும் பிளாஸ்டிக் பை ஒட்டுவது கைக்குழந்தை அறுவையில் ஆடம்பரமில்லை.

இதைவிட முக்கியம், உள்ளே போகிற நீர் வெளியே வருகிறதா என்பது. வெளியேறும் வால்வை மூடிவைத்துக்கொண்டு நீரை ஏற்றினால் சில நொடிகளில் மூளை அழுத்தம் எகிறும். மயக்க மருத்துவரின் திரையில் அது ரத்த அழுத்தமாகவும் நாடியாகவும் தெரியும். நாடி குறைவதையே எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். பல நேரம் முதலில் வருவது நாடி ஏறுவதும் ரத்த அழுத்தம் கூடுவதும்தான். அப்படி ஏதாவது மாறினால் மயக்க மருத்துவர் உரக்கச் சொல்ல வேண்டும், அறுவை செய்பவர் கையை நிறுத்திவிட்டு முதலில் வால்வைப் பார்க்க வேண்டும்.

பக்க அறைக்குள் நுழைந்ததும் வழிகாட்டுவது கோராய்டு பின்னல். அதைப் பிடித்து முன்னே போனால், இரண்டு சிரைகள் கூடும் இடத்தில் மன்றோ துளை. அதன் முன்விளிம்பில் வளைந்து போவதுதான் ஃபோர்னிக்ஸ், நினைவாற்றலுக்கான நரம்புக்கற்றை. விறைப்பான எண்டோஸ்கோப்பை இந்த வாசலில் வைத்துப் பக்கவாட்டில் நெம்பினால் நசுங்குவது அதுதான். பார்வை கிடைக்கவில்லை என்றால் நெம்பக்கூடாது. பின்வாங்கி, கோணம் மாற்றி மறுபடி வர வேண்டும். எலும்புத் துளை தப்பான இடத்தில் விழுந்திருந்தால் அந்தத் தப்புக்கான விலையை ஃபோர்னிக்ஸ் கொடுக்கும்.

மூன்றாம் அறைக்குள் போனால் பின்னால் இரண்டு வெண்ணிற மேடுகள், மாமில்லரி முண்டுகள். முன்னால் சிவந்த ஒரு குழிவு, பிட்யூட்டரித் தண்டின் வாய். இரண்டுக்கும் நடுவே, நடுக்கோட்டில், மெலிந்து கண்ணாடிபோல் தெரியும் தரைதான் துளை போடவேண்டிய இடம். பின்னால் போனால் பேசிலார், முன்னால் போனால் ஹைப்போதலாமஸும் பிட்யூட்டரியும். முனைமழுங்கிய கருவியால் மெதுவாகக் குத்தி, பலூனை விட்டு விரிக்க வேண்டும். சூடு வைத்துத் துளைப்பதைத் தவிர்க்கிறோம். கீழே தமனி இருக்கிறது. துளை 5 மி.மீ. அளவாவது வர வேண்டும். விரித்த பலூனைப் பலவந்தமாக மேலே இழுத்தால் தரையோடு ஹைப்போதலாமஸும் இழுபடும், நாடி விழும்.

இங்கேதான் பலர் அவசரப்பட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். தரைக்குக் கீழே லிலிக்விஸ்ட் சவ்வு என்று இன்னொரு திரை இருக்கிறது. மேல்தரை திறந்து அது திறக்காவிட்டால் நீருக்கு இரட்டைக் கதவில் ஒன்றுதான் திறந்த கணக்கு. எண்டோஸ்கோப்பைத் துளைக்குள் கொஞ்சம் இறக்கி, பேசிலார் தமனி திரையில்லாமல் பளிச்சென்று தெரிகிறதா என்று பார்த்தே தீர வேண்டும். வேலை முடிந்தது என்பதற்கு இன்னொரு அடையாளம், துளையின் விளிம்பு நாடித்துடிப்போடு மேலும் கீழும் அசைவது. அசையாத தரை, எவ்வளவு அழகான துளையாக இருந்தாலும், நம்பிக்கை தராது.

ரத்தம் கசிந்தால் எண்டோஸ்கோப்பை உருவ வேண்டாம். அப்படியே பிடித்துக்கொண்டு, வெளிவழி திறந்திருக்க, இளஞ்சூட்டு ரிங்கரால் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். சிறு கசிவுகளில் பெரும்பாலானவை ஐந்து பத்து நிமிடத்தில் தெளிந்துவிடும். அந்த ஐந்து நிமிடம் ரொம்ப நீளமாகத் தெரியும். தெளியவே இல்லையென்றால் வடிகுழாய் வைத்துவிட்டு வெளியேறுவதுதான் புத்திசாலித்தனம். பேசிலார் காயம் நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே நேர்கிறது. நேர்ந்தால் உயிரையே எடுக்கலாம் என்பதால் ஒப்புதல் பேச்சில் அதை மறைக்கக்கூடாது.

கைக்குழந்தையின் காயத்தை மூடுவதில் அரைகுறை வேலை கூடாது. முதல் சில நாள் உள்ளே அழுத்தம் முழுதாக இறங்கியிருக்காது, தோலோ காகிதம்போல. மூளைச்சவ்வின் துளையைச் சிறியதாக வைத்து, ஜெல்ஃபோம் என்கிற கரையும் பஞ்சை அடைத்து, அடுக்கடுக்காகத் தைக்க வேண்டும். தையல் வழியாக நீர் கசிந்தால் கிருமி ஏற வழி, அதோடு துளை வேலை செய்யவில்லை என்பதன் முதல் சமிக்ஞையாகவும் அது இருக்கலாம்.

அதே கருவி, வேறு வேலைகள்

பெரியவர்களில், சிறு வயதிலிருந்தே தெரியாமல் இருந்த கால்வாய்க் குறுக்கம் நாற்பது ஐம்பது வயதில் நடைத் தள்ளாட்டமாகவும் மறதியாகவும் வெளிப்படுவதுண்டு. அவர்களுக்கு இ.டி.வி. நன்கு பொருந்தும். முதியவர்களுக்கு வரும் இயல்பழுத்த நீர்க்கோர்ப்பும் நடை, மறதி, சிறுநீர் அடக்க முடியாமை என்று ஒரே மாதிரிதான் வெளிப்படும். ஆனால் அங்கே ஷன்ட்தான் முதல் தெரிவு. மன்றோ வாசலில் உட்காரும் கொல்லாய்டு கட்டியை எடுக்க, இ.டி.வி.க்குப் போடுவதைவிட இன்னும் முன்னாலும் வெளிப்பக்கமாகவும் எலும்பைத் துளைக்க வேண்டும். இல்லாவிட்டால் கட்டியின் வேர்ப்பகுதி கண்ணில் படாது.

மூன்றாம் அறைக்குப் பின்னால் உள்ள பைனியல் பகுதிக் கட்டியால் நீர் கோர்த்தவர்களுக்கு ஒரே அமர்வில் துளையும் போட்டு, திசு மாதிரியும் எடுக்கலாம். துளை முதலில், மாதிரி பிறகு. முதலில் மாதிரி எடுத்து ரத்தம் கசிந்தால் துளை போடவேண்டிய தரை கண்ணுக்குத் தெரியாமல் போகும். அதற்கும் முன்னால் ரத்தத்தில் ஏ.எஃப்.பி., பீட்டா எச்.சி.ஜி. என்கிற, சில வகைக் கட்டிகளைக் காட்டிக்கொடுக்கும் பொருட்களின் அளவுகளைப் பார்த்துவிட வேண்டும். அவை தெளிவாக உயர்ந்திருந்தால் மாதிரியே தேவைப்படாமல் போகலாம்.

பிட்யூட்டரிக் கட்டிகளுக்கு மூக்கு வழியாகப் போகும் எண்டோஸ்கோப் அறுவை தனி உலகம். வீட்டுக்கு அனுப்பும்போது சொல்லவேண்டிய சிலவற்றை மட்டும் இங்கே சொல்லிவிடலாம்: மூக்கைச் சீந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், முக்கக் கூடாது. குனியும்போது மூக்கிலிருந்து தண்ணீர்போல் சொட்டினாலோ தொண்டையில் உப்புக்கரித்தாலோ அன்றே வர வேண்டும். முதல் இரண்டு நாள் சிறுநீர் வெள்ளமாகப் போவதை எல்லோரும் கவனிக்கிறார்கள். ஒரு வாரத்தை ஒட்டி சோடியம் சரிவதைப் பலர் கோட்டை விடுகிறார்கள். அப்போது நோயாளி வீட்டில் இருப்பார், வாந்தியையும் தலைச்சுற்றலையும் "ஆபரேஷன் அசதி" என்று விட்டுவிடுவார்கள். ஏழாம் நாள் ஒரு சோடியம் பரிசோதனை எழுதிக் கொடுத்து அனுப்புவது செலவில்லாத காப்பு.

வீட்டுக்குப் போன பிறகு

இ.டி.வி. செய்த சில நாட்களில் சி.டி. எடுத்து, அறைகள் அப்படியே பெரிதாக இருக்கின்றனவே என்று பயப்படுகிறார்கள். ஷன்ட் வைத்தால் சுருங்குவதுபோல் இதில் சுருங்காது. மாதங்கள் போகப் போகக் கொஞ்சமாகவே சிறுக்கும். சிலருக்குக் கடைசிவரை பெரிதாகவே இருக்கும். வாந்தி நின்றதா, உச்சிக்குழி தளர்ந்ததா, கண்ணை உயர்த்தி மேலே பார்க்க முடிகிறதா, இவைதான் முதல் சாட்சி. துளையில் நீர் ஓடுகிறதா என்பதை எம்.ஆர்.ஐ. நெடுக்குவெட்டில் கறுப்புக் கீற்றாகப் பார்க்கலாம். அறுவை முடிந்த முதல் சில நாள் தலைவலியோ உச்சிக்குழிப் புடைப்போ தொடர்ந்தால் உடனே தோல்வி என்று எழுத வேண்டாம். முதுகில் ஊசி போட்டு ஒன்றிரண்டு முறை நீர் எடுத்தால் புதிய வழி பழகிக்கொள்வதுண்டு.

கைக்குழந்தைக்கு வீட்டில் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள காரியம் தலைச்சுற்றளவு அளப்பது. இழுபடாத டேப், புருவத்துக்கு மேலே தொடங்கி பின்மண்டை அதிகம் புடைத்த இடம் வழியாக. மூன்று தடவை அளந்து பெரிய எண்ணை எழுத வேண்டும். வாரம் ஒருமுறை, ஒரே ஆள் அளந்தால் நல்லது. அம்மா ஒரு வாரம், பாட்டி ஒரு வாரம் என்றால் அரை செ.மீ. வித்தியாசம் கையிலேயே வந்துவிடும். இயல்பான வளர்ச்சி முதல் மூன்று மாதம் மாதத்துக்கு 2 செ.மீ., அடுத்த மூன்று மாதம் 1 செ.மீ., பிறகு ஒரு வயது வரை அரை செ.மீ. அளவில். இதைத் தாண்டி ஓடினால் நோட்டோடு வாருங்கள், அடுத்த தேதிக்குக் காத்திருக்க வேண்டாம்.

தோல்விகளில் பெரும்பாலானவை முதல் ஆறு மாதத்துக்குள் வருகின்றன. துளையைச் சுற்றி வடு வளர்ந்து மூடிக்கொள்ளும். அப்போது மறுபடி உள்ளே பார்த்து, மூடிய துளையைத் திறப்பதா, ஷன்ட்டுக்குப் போவதா என்று முடிவெடுக்கலாம். ஆபத்தானது தாமதமாக, வருடங்கள் கழித்து மூடுவது. அரிதுதான். ஆனால் மூடினால் சில மணிநேரத்தில் நினைவு தப்பலாம். உயிரிழப்புகளும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. எட்டு வயதில் குணமான பிள்ளை பதினைந்து வயதில் காலைத் தலைவலியோடும் வாந்தியோடும் மந்தமாகக் கிடந்தால், "பித்தம்" என்று கஷாயம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. இரட்டைப் பார்வை, மேலே பார்க்க முடியாமை, பழைய எலும்புத் துளை இருந்த இடத்தில் தோல் மெத்தென்று புடைப்பது, படிப்பில் திடீர்ச் சரிவு, இவற்றில் எதுவும் அதே கணக்குத்தான். இந்த ஆபத்துக்காகச் சில மருத்துவர்கள் எலும்புத் துளையிலேயே தோலுக்கடியில் ஒரு சிறு நீர்க்கூடு வைத்துவிடுவார்கள். அவசரத்தில் ஊசி குத்தி நீரை எடுக்கலாம். தொலைதூரக் கிராமத்துக் குழந்தைகளுக்கு நாங்கள் இதையே விரும்புகிறோம்.

ஷன்ட் வைத்தவருக்குக் குழாயைத் தொட்டுப் பார்த்தாலே காஷுவாலிட்டியில் புரிந்துவிடும். இ.டி.வி. செய்தவர் தலையில் முடிக்குள் மறைந்த ஒரு தழும்பைத் தவிர வேறெதுவும் இருக்காது. அதனால் பர்ஸிலும் பள்ளிப் பையிலும் ஓர் அட்டை இருக்கட்டும்: அறுவையின் பெயர், தேதி, காரணம், நீர்க்கூடு உண்டா இல்லையா, நன்றாக இருந்தபோது எடுத்த கடைசி ஸ்கேன் எங்கே கிடைக்கும் என்பது, மருத்துவமனை எண். கீழே பெரிய எழுத்தில் இரண்டு வரி: "உடனே ஸ்கேன் தேவை. ஸ்கேன் பார்க்கும் முன் முதுகில் நீர் எடுக்க வேண்டாம்." அந்தப் பழைய ஸ்கேனை செல்போனிலும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எப்போதுமே பெரிதாக இருக்கும் அறைகளை முதன்முறை பார்க்கும் டாக்டருக்கு, நேற்றைவிட இன்று பெரிதா என்பதைச் சொல்ல அதைவிட்டால் வேறு வழியில்லை.